விடுமுறையும் வலசையும்

பறவை பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இடத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எந்தச் சரணாலயம் நல்லது, தங்க வசதி உண்டா, காரில் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் முடிந்த பிறகே தேதியைப் பற்றிய பேச்சு வரும். விடுமுறைப் பயணத்தில் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. பள்ளி என்று மூடுகிறதோ அன்றுதான் கிளம்ப முடியும். ஆனால் வலசைப் பறவைகள் ஓர் இடத்தில் தங்குவது ஆண்டில் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் மட்டுமே. இரண்டு வாரம் தவறிப் போனால் ஒரே மரத்தடியில் நாற்பது இனங்களைப் பார்த்திருக்க வேண்டியவர் நான்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஆகவே, கையில் இருக்கும் விடுமுறைக்கு எந்தப் பறவை பொருந்தும் என்று பார்த்து, அதன்பின் இடத்தைத் தேர்வதே சரியான வரிசை.

இதை ஓர் ஊரை வைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும். டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை ஒட்டி, டிஎஃப்டபிள்யூ விமான நிலையத்துக்கு வடக்கே இருக்கிறது காப்பெல். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஊர். ஊரின் கிழக்கே ட்ரினிட்டி ஆற்றின் எல்ம் ஃபோர்க் கிளை, ஊருக்குள் டென்டன் க்ரீக் ஓடை, மேற்கே சற்றுத் தள்ளி கிரேப்வைன் ஏரி. வட அமெரிக்காவின் நடுவண் வலசைப் பாதை இந்தப் பகுதிக்கு மேலேதான் செல்கிறது. டெக்சஸில் இதுவரை பதிவான பறவை இனங்கள் 600-க்கும் மேல். காடு, புல்வெளி, பாலை, கடற்கரை, வெப்பமண்டலத்தின் வட எல்லை என ஒரே மாநிலத்தில் இத்தனை வகை நிலம் இருப்பதும், வட அமெரிக்காவுக்கும் நடு அமெரிக்காவுக்கும் இடையே பறக்கும் பறவைகளுக்கு அது வாசலாக இருப்பதும் இதற்குக் காரணம்.

வலசையைத் தூண்டுவது குளிரோ பசியோ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடிப்படைக் கடிகாரம் பகலின் நீளம். பகல் நீள ஆரம்பித்ததும் பறவையின் உடலில் சுரப்பிகள் மாற்றம் காட்டுகின்றன, தீனி கூடுகிறது, தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது, இரவில் அமைதியின்மை தோன்றுகிறது. வானிலை அந்தக் கடிகாரத்தைச் சில நாட்கள் முன்னும் பின்னும் தள்ளும், அவ்வளவுதான். பகலின் நீளம் ஆண்டுதோறும் மாறாதது என்பதால் பறவைகளின் வருகைத் தேதியும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகிறது. பயணத் திட்டம் போடுகிறவருக்கு இதைவிட உதவியான செய்தி இல்லை.

டெக்சஸின் வசந்த கால வலசையில் மிகப் பெரிய நிகழ்ச்சி மெக்சிகோ வளைகுடாவைக் கடப்பது. மெக்சிகோவின் யுகதான் தீபகற்பத்திலிருந்து சூரியன் மறைந்து சிறிது நேரத்தில் கிளம்பும் சிறு பறவைகள், எங்கும் இறங்க வழியில்லாத ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீர்ப்பரப்பை ஒரே மூச்சில் கடந்து, மறுநாள் டெக்சஸ், லூசியானா கரைகளை அடைகின்றன. செந்தொண்டை ஹம்மிங்பேர்டின் எடை சுமார் 3 கிராம். புறப்படும் முன் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பறவைகள் வளைகுடாவைக் கடப்பதை அறிவியல் உலகம் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஹூஸ்டனில் பணியாற்றிய ஜார்ஜ் வில்லியம்ஸ் 1945-இல், பறவைகள் கடலைக் கடப்பதில்லை, கரையோரமாகவே சுற்றி வருகின்றன என்று வாதிட்டார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவரி அதை ஏற்கவில்லை. கப்பலேறி வளைகுடாவின் நடுவே பறவைகளைக் கண்டார். பிறகு, முழுநிலவை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பி, நிலவின் வட்டத்தைக் குறுக்கே கடக்கும் பறவை நிழல்களை எண்ணும் முறையை வளர்த்தெடுத்தார். யுகதானின் புரொக்ரெசோ துறைமுகத்திலிருந்து அப்படி எண்ணியபோது, இருட்டியபின் பறவைகள் வடக்கே கடலை நோக்கிப் போவது தெரிந்தது. 1960-களில் சிட்னி காத்ரோ வானிலை ரேடார் திரையில் அதே பறவைக் கூட்டங்கள் கரையை நெருங்குவதைப் பதிவு செய்த பின் விவாதம் ஓய்ந்தது.

அதே ரேடார்தான் தேதியையும் தருகிறது. 1995 முதல் 2015 வரையிலான ரேடார் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வின்படி, ஒவ்வொரு வசந்தத்திலும் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைக் கடக்கும் பறவைகள் சுமார் 200 கோடி. அதில் பாதி, அதாவது 100 கோடி, ஏப்ரல் 19-க்கும் மே 7-க்கும் இடைப்பட்ட நாட்களில் கடந்து விடுகின்றன. காப்பெல் பள்ளிகளின் ஸ்பிரிங் பிரேக் பெரும்பாலும் மார்ச் நடுவில் வருகிறது. அடுத்த நீண்ட வார இறுதியான மெமோரியல் டே மே மாதக் கடைசித் திங்கள். இரண்டு விடுமுறைக்கும் நடுவில் அந்த 100 கோடிப் பறவைகளும் போய்விடுகின்றன. இந்த இடைவெளியை அறிந்துகொண்டு ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் விடுப்பு எடுக்கிற குடும்பம், ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக்கில் கடற்கரையில் இருந்த குடும்பத்தைவிடப் பல மடங்கு இனங்களைப் பார்க்கும்.

அந்த வார இறுதிக்கு உரிய இடம் ஹை ஐலண்ட். ஹூஸ்டனுக்குக் கிழக்கே, காப்பெலிலிருந்து காரில் சுமார் ஐந்தரை மணி நேரம். பெயரில் தீவு இருந்தாலும் இது கடலுக்குள் இல்லை. நிலத்தடி உப்புப் படிவம் மேலே உந்தியதால் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தைவிடப் பத்து மீட்டரளவு உயர்ந்து நிற்கும் மேடு. அந்த உயரத்தால் அதில் ஓக் மரங்கள் வளர்ந்தன. களைத்து வரும் பறவைக்கு மேலிருந்து பார்த்தால், உப்புச் சதுப்புக்கு நடுவே தெரியும் ஒரே தோப்பு இதுதான். பாய் ஸ்கவுட் வுட்ஸ், ஸ்மித் ஓக்ஸ் என்ற தோப்புகளை ஹூஸ்டன் ஆடுபான் அமைப்பு சரணாலயங்களாகப் பராமரிக்கிறது.

இங்கே நேரக் கணக்கு வேறு. பறவை பார்ப்பதென்றால் விடியற்காலை என்பது உலகெங்கும் சரி. ஹை ஐலண்டில் பிற்பகல் நல்லது. இரவு 7 மணி வாக்கில் யுகதானை விட்டுக் கிளம்பிய பறவை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், கரை சேரும்போது மறுநாள் மதியம் ஒரு மணி ஆகிவிடும். பின்னாலிருந்து தெற்குக் காற்று வீசினால் இன்னும் முன்னதாக வரும். அப்படி வசதியான காற்று கிடைத்த நாளில் பல பறவைகள் கரையில் இறங்காமலே உள்நாட்டுக் காடுகளுக்குப் பறந்துவிடும். தோப்பு வெறிச்சோடிக் கிடக்கும். பறவைகள் கடல்மேல் இருக்கும் நேரத்தில் வடக்கேயிருந்து குளிர்காற்று முகப்பும் மழையும் வந்து எதிரே நின்றால் நிலைமை தலைகீழ். கொழுப்பெல்லாம் கரைந்து, கரை கண்ட இடத்தில் கொத்துக் கொத்தாக விழுவதுபோல் இறங்குகின்றன. முசுக்கட்டை மரங்களில் செந்நிற டானேஜர்களும் ஓரியோல்களும் பழத்தைக் கிழித்து, அலகெல்லாம் சாறு கறுக்கத் தின்னும். தோப்புப் பணியாளர்களும் பறவை ஆர்வலர்களும் பாதியாக வெட்டி வைக்கும் ஆரஞ்சுப் பழங்களில் நான்கைந்து பறவைகள் ஒன்றையொன்று தள்ளும். மரத்தின் உச்சியிலேயே வாழும் கதிர்க்குருவிகள்கூட மனிதரின் காலடியில் புல்லுக்குள் பூச்சி பொறுக்கும்.

காண்பவருக்கு இது பெருவிருந்து. பறவைக்கு அது உயிர்ப்போராட்டம். இந்த நேரத்தில் படம் எடுப்பதற்காகப் பறவையை விரட்டி விரட்டிப் பறக்கவைப்பதும், கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு இழுப்பதும் செய்யக்கூடாத காரியங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அது தின்ன வேண்டிய பூச்சிதான் அடுத்த கட்டப் பயணத்தின் எரிபொருள். பாய் ஸ்கவுட் வுட்ஸில் சிறு குளத்தைப் பார்த்தாற்போல் படிக்கட்டு இருக்கைகள் அமைத்திருக்கிறார்கள். அசையாமல் அங்கே உட்கார்ந்தால் குளிக்கவும் குடிக்கவும் பறவைகளே வரும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே சிறந்த இடம்.

ஸ்மித் ஓக்ஸில் இன்னொரு காட்சி உண்டு. குளத்து நடுத் திட்டுகளில் வெண்கொக்குகளும் இளஞ்சிவப்புக் கரண்டிவாயன்களும் நெருக்கமாகக் கூடு கட்டியிருக்கும். கீழே தண்ணீரில் முதலைகள். தவறி விழும் குஞ்சு முதலைக்கு இரையாவது உண்மை. ஆனால் மரமேறி முட்டை திருடும் ரக்கூன் அந்தத் தண்ணீரை நீந்திக் கடக்கத் துணிவதில்லை. கூடுகள் பிழைப்பது இந்தக் காவலால்தான். வேடந்தாங்கலில் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுவதன் காரணமும் இதுவே: சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தரைவழி வரும் எதிரி குறைவு.

அப்படியானால் மார்ச் நடு ஸ்பிரிங் பிரேக் வீணா? இல்லை. டெக்சஸில் மட்டுமே கூடு கட்டும் பறவை ஒன்று சரியாக அப்போதுதான் வந்து சேர்கிறது: பொற்கன்னக் கதிர்க்குருவி. பத்து கிராம் எடை. மஞ்சள் கன்னத்தின் குறுக்கே கறுப்புக் கோடு. தெற்கு மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ச் முதல் பாதியில் நடு டெக்சஸ் மலைக்காடுகளுக்குத் திரும்புகிறது. கூடு கட்ட அதற்குத் தேவை ஆஷ் ஜூனிபர் மரத்தின் பட்டை. இளமரத்தின் பட்டை உதவாது. முதிர்ந்து, நாராக உரியும் பட்டையைத்தான் பெண் பறவை கிழித்தெடுத்து, சிலந்தி நூலால் கட்டிக் கிண்ணமாக்குகிறது. கூடு மரக்கிளையின் பட்டையோடு ஒன்றிப்போய்விடுவதால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. பண்ணைக்கும் வீட்டுமனைக்கும் பழைய ஜூனிபர்களை வெட்டித் தள்ளியதில் இந்த இனம் சுருங்கி, 1990-இல் அழியும் ஆபத்தில் உள்ளது என அறிவிக்கப்பட்டது. காப்பெலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய கிளென் ரோஸ் ஊரின் டைனோசர் வேலி மாநிலப் பூங்காவில் இதைக் கேட்கலாம், பொறுமை இருந்தால் பார்க்கலாம். ஆற்றுப் படுகையில் டைனோசர் காலடித் தடங்கள் இருப்பதால் பறவையில் நாட்டமில்லாத பிள்ளைகளுக்கும் அங்கே வேலை உண்டு. ஜூலை கடைசிக்குள் இந்தக் குருவி ஊரைக் காலி செய்துவிடும்.

கோடை விடுமுறை மிக நீளம். ஆனால் தமிழ்க் குடும்பங்கள் பல அப்போது ஊருக்குப் போய்விடும். ஜூன், ஜூலையில் சென்னையில் இறங்கி வேடந்தாங்கலுக்கு வண்டி பிடிப்பவர்கள் ஏமாறுவது உறுதி. அங்கே பருவம் வடகிழக்கு மழையோடு தொடங்கும் நவம்பரிலிருந்து மார்ச் வரை. கோடியக்கரைக்கு சைபீரியாவிலிருந்து வரும் கொசு உள்ளான் முதலான கரைப்பறவைகளும் ஜூன், ஜூலையில் வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும்.

இங்கே உதவுவது எளிய விதி ஒன்று: வலசை பொருந்தாத காலத்தில் வலசை போகாத பறவையைத் தேட வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தூக்கணாங்குருவிகளின் கூடு கட்டும் பருவம். கிணற்றின்மேல் சாய்ந்த மரத்திலோ பனையோலை நுனியிலோ ஆண் குருவி புல் இழைகளைக் கிழித்து வந்து பின்னும். பாதி முடிந்து, தொப்பிபோல் இருக்கும்போது வேலையை நிறுத்திவிட்டு, சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் உள்ளே புகுந்து இழைகளை இழுத்துப் பார்த்துச் சம்மதித்தால் மட்டுமே மீதிக் கூடும் நீண்ட வாசல் குழாயும் தயாராகும். பிடிக்காமல் கைவிடப்பட்ட அரைக்கூடுகள் அதே மரத்தில் ஆடிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டி விளக்கினால் ஒரு முழு உயிரியல் பாடம் ஆகிவிடும். இதற்கு நுழைவுச் சீட்டும் வேண்டாம், சரணாலயமும் வேண்டாம். தாத்தா வீட்டு வயலோரமே போதும். மலைக்குப் போகிறவர்களுக்கு நீலகிரி ஈப்பிடிப்பானும் கருஞ்சிவப்பு ஈப்பிடிப்பானும், வால்பாறைப் பக்கம் மலை இருவாச்சியும் ஆண்டு முழுவதும் உண்டு. மழைதான் இடையூறு.

ஊருக்குப் போகாமல் காப்பெலிலேயே இருப்பவர்களுக்கும் கோடை வெறுமையானதல்ல. மின்கம்பிகளில் கத்தரிவால் ஈப்பிடிப்பான் தன்னைவிட நீண்ட வாலோடு உட்கார்ந்திருக்கும். ஏப்ரலில் வந்து அக்டோபர் வரை இருக்கும் பறவை இது. மாடு மேயும் வெளிகளில் உண்ணிக்கொக்கு தெரியும். தமிழ்நாட்டு வயலில் பார்க்கும் உண்ணிக்கொக்கின் மிக நெருங்கிய உறவு. ஆப்பிரிக்காவிலிருந்து தானாகவே அட்லாண்டிக்கைக் கடந்து தென் அமெரிக்காவில் காலூன்றி, 1950-களில் டெக்சஸை எட்டியது. மனிதர் யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஜூலையிலேயே ஆர்க்டிக் கரைப்பறவைகளின் திரும்பு பயணமும் ஆரம்பமாகிவிடும். ஆர்லிங்டனில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக அமைத்த வில்லேஜ் க்ரீக் உலர்படுகைகளின் சேற்றில் அவற்றைக் காணலாம். அழகான இடமென்று சொல்ல முடியாது. டாலஸ் பறவை ஆர்வலர்கள் விரும்பிப் போகிற இடம்.

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு இரண்டு வழிகள். பக்கத்தில் என்றால், ஒன்றரை மணி நேரத் தொலைவில் டெக்சோமா ஏரிக்கரையில் உள்ள ஹேகர்மன் தேசிய வனவிலங்குப் புகலிடம். வடதுருவப் பகுதியிலிருந்து வரும் பனிவாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கிக் கோதுமைப் பயிரை மேயும். காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். இறங்காமல் இருப்பதே நல்லது. கார் நின்றால் வாத்து அசையாது, மனிதன் இறங்கினால் கூட்டமே எழும்பிவிடும். தொலைவு பரவாயில்லை என்பவர்களுக்கு மெக்சிகோ எல்லையில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. பச்சை ஜே, சாச்சலாக்கா, கிஸ்கடீ, அல்டமிரா ஓரியோல் முதலிய வெப்பமண்டலப் பறவைகள் அமெரிக்காவில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் தென்கோடியில்தான். இவை வலசை போவதில்லை என்பதால் எந்த விடுமுறையிலும் போகலாம். வெயில் தணிந்த நவம்பர் உடம்புக்கு நல்லது. அங்குள்ள சாந்தா அனா புகலிடம் 1943-இல் ஏற்படுத்தப்பட்டது. பரப்பு சுமார் 2,000 ஏக்கர்தான். பதிவான இனங்கள் ஏறத்தாழ 400.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என்றே அமைந்ததுபோல் இருப்பது அரான்சாஸ். காப்பெலிலிருந்து ஏழு மணி நேரப் பயணம். 1937-இல் அமைந்த இந்தப் புகலிடத்தில்தான் ஹூப்பிங் கிரேன் என்னும் பெருங்கொக்கு குளிர்காலத்தைக் கழிக்கிறது. உயரம் ஒன்றரை மீட்டர். வட அமெரிக்காவின் மிக உயரமான பறவை. வேட்டையாலும் சதுப்பு நிலங்கள் அழிந்ததாலும் 1941-இல் இங்கே வந்து சேர்ந்தவை சுமார் 15 மட்டுமே. அவை எங்கே கூடு கட்டுகின்றன என்பதுகூட 1954 வரை தெரியாமல் இருந்தது. 4000 கிலோமீட்டருக்கு அப்பால் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் அந்த இடம் தெரிய வந்த பிறகு இரு முனைகளிலும் காவல் சாத்தியமானது. இன்று இந்தக் கூட்டம் 500-ஐத் தாண்டிவிட்டது. அக்டோபர் நடுவிலிருந்து வரத் தொடங்கி, மார்ச் கடைசி, ஏப்ரலில் வடக்கே திரும்புகின்றன. ராக்போர்ட், ஃபுல்டன் துறைகளிலிருந்து கிளம்பும் படகுகளில் போனால் சதுப்பின் ஓரத்தில் தாய், தந்தை, துருப்பிடித்த நிறத்துக் குஞ்சு என்று ஒரு குடும்பம் தன் எல்லைக்குள் நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். முக்கிய உணவு நீல நண்டு. நண்டு பெருக ஆற்று நன்னீர் கழிமுகத்துக்கு வந்து சேர வேண்டும். 2008-09 வறட்சியில் நீர் குறைந்து, உப்பு ஏறி, நண்டு அருகிப்போனது. அந்தக் குளிர்காலத்தில் 23 கொக்குகள் இறந்தன. நீர் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியில் பறவைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 8x42 என்று குறித்த பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் விட்டம். பத்து மடங்குக் கருவியில் கை நடுக்கமும் பெரிதாகும். காட்சிப் பரப்பும் சுருங்கும். தொடக்கக்காரருக்கு எட்டே நல்லது. பெயர் தெரிய கார்னெல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி உதவும். 2021 முதல் அது குரலைக் கேட்டும் இனத்தைச் சொல்கிறது. ஆனால் அது சொன்ன பெயரைப் பறவையைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் எழுதக் கூடாது. மாக்கிங்பேர்ட், டெக்சஸின் மாநிலப் பறவை, பத்துப் பறவைகளின் குரலை அடுத்தடுத்து எடுத்துப் பாடி எந்தச் செயலியையும் தடுமாற வைக்கும்.

எந்தப் பயணமும் வாய்க்காத ஏப்ரல் வாரங்களில் வீட்டிலிருந்தே வலசையைத் தொடரவும் வழி உண்டு. பேர்ட்காஸ்ட் என்ற இணையச் சேவை ரேடார் தரவுகளை வைத்து, நேற்றிரவு டாலஸ் கவுண்டிக்கு மேலே எத்தனை பறவைகள் பறந்தன, எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்று காலையில் சொல்லிவிடும். நகர விளக்குகளின் ஒளி இரவுப் பறவைகளைத் திசைதிருப்பிக் கண்ணாடிக் கட்டடங்களில் மோதவைக்கிறது. எண்ணிக்கை உச்சத்தில் உள்ள இரவுகளில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை தேவையற்ற வெளி விளக்குகளை அணைக்கும்படி டெக்சஸ் நகரங்களில் வேண்டுகோள் விடுக்கப்படுகிறது. செலவே இல்லாத இந்த உதவியை எந்த வீடும் செய்யலாம், செய்ய வேண்டும்.

விடுமுறையில் பார்த்த பறவைகளை நோட்டுப் புத்தகத்தோடு முடித்துவிடாமல், 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் பதிவேற்றினால் அது ஆய்வாளர்களுக்குத் தரவாகிறது. ஹை ஐலண்டில் எடுத்த பட்டியலும் தஞ்சாவூரில் எடுத்த பட்டியலும் ஒரே களஞ்சியத்தில் சேர்கின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே தளத்தில்தான் பதிவாகிறது. ஜனவரி நடுவில் ஊரில் இருக்க வாய்ப்பவர்கள் அதில் 15 நிமிடம் எண்ணிக் கொடுத்தாலே போதும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, 1900-இல் ஃபிராங்க் சாப்மன் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. டாலஸ் வட்டாரத்திலும் அரான்சாஸ் கரையோரத்திலும் கணக்கெடுப்பு வட்டங்கள் உண்டு. புதியவர்களை அனுபவம் உள்ளவர்களின் குழுவோடு சேர்த்து அனுப்புவார்கள், கட்டணம் இல்லை, அந்தந்த வட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட வேண்டும்.